போனஸ் புக்கா, ஸ்கூல் பிரஷ்ஷா, குழாய்த் தண்ணியா?

பல்லு விஷயத்துல அரசாங்கம் காசு போடணும்னா பெரிய வழி மூணு இருக்கு. மக்கள டென்டிஸ்ட்கிட்ட வர வைக்கலாம், குழந்தைங்கள ஸ்கூல்லயே பல்லு தேய்க்க வைக்கலாம், இல்ல தண்ணியிலயே ஃப்ளோரைடு (பல்லு சொத்தையத் தடுக்குற தாது) கலந்து விட்டுடலாம்.

முதல் வழிக்கு ஜெர்மனியப் பாருங்க. அங்க போனஸ்ஹெஃப்ட்னு ஒரு சின்ன புக், வருஷா வருஷம் செக்கப் போனா அதுல பதிவாகும். நாளைக்கு கிரவுன், பிரிட்ஜ், பல் செட்னு வந்தா வழக்கமான சிகிச்சை செலவுல 60 சதவீதம் இன்சூரன்ஸ் தரும், 5 வருஷம் விடாம போயிருந்தா 70, 10 வருஷம்னா 75, இது 2020 அக்டோபர்ல இருந்து இருக்குற ரேட். கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா என்னைக்கோ பல்லு போனா கிடைக்கப்போற சலுகைக்காக இன்னைக்கே செக்கப் போறவங்க எப்படியும் போறவங்கதான். லீவு கிடைக்காதவங்க, ஊசிக்கு பயந்தவங்க புக்கு காலியா இருக்கும், கடைசில அதிகமா கைக்காசு போடப்போறதும் அவங்கதான். இதுல வேற, எல்லாரும் 6 மாசத்துக்கு ஒருதடவ வரணும்ங்குற பேச்சு. பிரிட்டன்ல சிகிச்சைக்கு வழிகாட்டுதல் போடுற நைஸ் அமைப்பு 2004லயே பெரியவங்களுக்கு ஆளப் பொறுத்து 3 மாசத்துல இருந்து 24 மாசம் வரைக்கும் இடைவெளி விடலாம்னு சொல்லிடுச்சு. அப்புறம் 4 வருஷம் நடந்த ஒரு பெரிய ஆய்வுலயும், ரிஸ்க் கம்மியா இருக்குறவங்க 6 மாசத்துக்கு ஒருதடவ வந்தாலும் 2 வருஷத்துக்கு ஒருதடவ வந்தாலும் ஈறுல பெரிய வித்தியாசம் தெரியல. அப்போ விசிட்ட எண்ணி எண்ணி பரிசு குடுக்குறது எதுக்கு?

ஸ்காட்லாந்து ரூட்டே வேற. 2006ல ஆரம்பிச்ச சைல்ட்ஸ்மைல்ங்குற அரசுத் திட்டத்துல நர்சரியிலயே டீச்சருங்க பாத்துக்க, குழந்தைங்க தினமும் ஃப்ளோரைடு பேஸ்ட் போட்டு தேய்க்குதுங்க, வீட்டுக்கும் பிரஷ், பேஸ்ட் இலவசம், வசதி கம்மியான ஏரியாவுல வருஷத்துக்கு ரெண்டு தடவ பல்லு மேல பூசுற ஃப்ளோரைடு வார்னிஷும் உண்டு. அம்மா அப்பா லீவு போட வேண்டாம், அப்பாயின்ட்மென்ட் வேண்டாம். தேய்க்க வைக்க ஆன செலவ விட சிகிச்சையில மிச்சமானது அதிகம்னு கணக்கும் போட்டுட்டாங்க. எனக்கு இதுதான் முதல் சாய்ஸ்.

தண்ணி ஃப்ளோரைடு 1945ல அமெரிக்காவுல கிராண்ட் ராபிட்ஸ்ல ஆரம்பிச்சது. பணக்காரன் ஏழைன்னு பாக்காது, அது பெரிய பிளஸ். ஆனா வீட்டுக்கு வீடு சுத்திகரிச்ச குழாய்த் தண்ணி வரணும், அதோட இப்போ பேஸ்ட்லயே ஃப்ளோரைடு இருக்குறதால கிடைக்கிற பலன் முன்ன மாதிரி இல்ல. அரசியல் தொல்லை தனி, கனடாவுல கால்கரி 2011ல நிறுத்திட்டு, 2021ல ஓட்டெடுத்து, 2025ல திரும்ப ஆரம்பிச்சாங்க! (சர்க்கரை வரிய இதோட சேர்க்கல, அது மத்த எல்லா வழிக்கும் துணைக்கு வரக்கூடியது.)

போனஸ் புக்க தூக்கி எறியச் சொல்லல. ஜெர்மனியே அத மட்டும் நம்பி இல்ல, நர்சரியிலயும் ஸ்கூல்லயும் 12 வயசு வரைக்கும் பசங்கள கூட்டமா வச்சு பல் பராமரிப்பு நடத்தணும், ரிஸ்க் அதிகமான இடத்துல 16 வரைக்கும்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. புக்க காப்பியடிக்க நினைக்கிற அரசாங்கம் முதல்ல இந்தப் பாதிய எடுத்துட்டுப் போகட்டும்.