பாபி பெத்தர்டா, டெட் தாம்சனா?

அமெரிக்கக் கால்பந்தில் வீரர்களைத் தேர்ந்தெடுத்து அணியைக் கட்டுவது பெரும்பாலும் ஜெனரல் மேனேஜரின் வேலை. மறைந்த இருவர் அதை நேரெதிர் வழிகளில் செய்தார்கள்.

2023 ஜனவரியில் 86 வயதில் மறைந்த பெத்தர்டுக்கு டிராஃப்டின் (அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வு) முதல் சுற்று வாய்ப்பு என்றால் கொடுத்து வேறு வாங்கும் சரக்கு. வாஷிங்டன் அணியில் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தவர், முதல் சுற்றில் ஆள் எடுத்தது மூன்றே முறை: ஆர்ட் மங்க், மார்க் மே, டாரெல் கிரீன். கிரீன் 1983இல் அந்தச் சுற்றின் கடைசி ஆள், 28ஆவது! மற்றபடி பின்சுற்றுகளில் தேடுவார். 1981இல் தலைமைப் பயிற்சியாளர் அனுபவமே இல்லாத ஜோ கிப்ஸை நியமித்ததும் இதே துணிச்சல்தான். அவர் காலத்தில் சூப்பர் பவுல் எனும் இறுதிப் போட்டியில் இரண்டு வெற்றிகள். ஆனால் அதே துணிச்சல் சான் டியாகோவில் கையைச் சுட்டது. 1998இல் நிறையக் கொடுத்து முன்னேறி இரண்டாவதாக எடுத்த ரையன் லீஃப் சோபிக்கவில்லை.

தாம்சன் (2021 ஜனவரியில் மறைந்தார், வயது 68) சேர்த்து வைப்பவர். கிரீன் பே அணியில் அடிக்கடி டிராஃப்டில் தன் முறையை விட்டுக்கொடுத்துப் பின்னுக்கு இறங்கி, கூடுதல் வாய்ப்புகளை வாங்குவார். ஜோர்டி நெல்சன் அப்படி வந்தவர். வெளியிலிருந்து விலைக்கு வாங்குவது அபூர்வம், சார்லஸ் வுட்சன் போல. நட்சத்திர குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பிரெட் ஃபாவ் இருக்கும்போதே அதே இடத்துக்கு 2005இல் ஆரன் ராட்ஜர்ஸை 24ஆவதாக எடுத்து, மூன்று வருடம் உட்கார வைத்தார். 2008இல் ஃபாவை நியூயார்க்குக்கு அனுப்பியபோது ஊரே திட்டியது. அவர் அதிகம் பேசாத மனிதர், வாயைத் திறக்கவில்லை. 2010 பருவத்தில் சூப்பர் பவுல் கோப்பை வந்தது.

பெத்தர்டின் கதைதான் கேட்கச் சுவை. ஆனால் அணி என்னுடையது என்றால், சாவியைத் தாம்சனிடம்தான் கொடுப்பேன்.