அடி தட்டும் காருக்கு எது உருப்படியான வழி: ரப்பர் பஃபரா, ஸ்பேசரா, புது ஸ்பிரிங்கா?

வண்டியில் ஒருவர் மட்டும் இருந்தால் தட்டாது. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் இரண்டு பெட்டி என்று ஏறிவிட்டால் தக்கலையிலிருந்து குலசேகரம் போவதற்குள் நாலு இடத்தில் அடி உரசும். செடான் வைத்திருக்கும் பலருக்கும் குமரி மாவட்டத்தில் இதே பாடுதான். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்: ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர், மேலே உயரம் கூட்டும் வளையமான ஸ்பேசர், ஒரு சைஸ் பெரிய டயர், அடியில் எஞ்சினைக் காக்கும் கார்டு பிளேட், இல்லையென்றால் புது ஸ்பிரிங். ஆறேழு வருஷம் ஓடிய வண்டி என்றால் என் ஓட்டு புது ஸ்பிரிங்குக்குத்தான். அதுவும் கம்பெனி அளவில், உயரம் கூட்டாமல். காரணம் கடல்காற்று; அதற்குக் கீழே வருகிறேன்.

முதலில் வேகத்தடையின் கணக்கு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான மேடு அது. 2.6 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) உள்ள செடான் அதன் மேல் நிற்கும்போது நாலு சக்கரமும் மேட்டிலேயே இருக்கும்; நடுவயிற்றுக்குக் கீழே போகும் இடைவெளி 5 செ.மீ.தான். ஆனால் ஊர்ச்சாலையில் கான்கிரீட்டைக் குவித்துப் போட்ட தடை ஒரு முழ அகலமும் 15 செ.மீ. உயரமுமாக இருக்கும். அதில் முன்சக்கரம் இறங்கிய பிறகும் பின்சக்கரம் ஏறியிருக்காது, 15 செ.மீ.யும் வயிற்றிலிருந்து கழியும். கம்பெனி சொல்லும் 165 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் அடிக்கும் உள்ள இடைவெளி) பெரும்பாலும் வெற்று வண்டிக்கானது. ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் 3, 4 செ.மீ. இறங்கும். தட்டாமல் எப்படி இருக்கும்?

ஆக, 2 செ.மீ. கூட்டினால் எல்லாத் தடையும் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பத்தில் ஏழெட்டு சரியாகும், மிச்சம் தட்டத்தான் செய்யும்.

பணம் போடுவதற்கு முன் எது தட்டுகிறது என்று பாருங்கள். வண்டியை பிட்டிலோ லிஃப்டிலோ ஏற்றி, அடியில் புதிதாகப் பளபளக்கும் உரசலைத் தேட வேண்டும். நடுவில் ஓடும் சைலன்சர் குழாயில் உரசல் இருந்தால் பாதி நேரம் குற்றவாளி ஸ்பிரிங் அல்ல, குழாயைத் தொங்கவிடும் ரப்பர். நீண்டுபோன ரப்பரை மாற்றினாலே குழாய் ஒரு விரற்கடை மேலேறும். முன்பம்பரின் உதடு மட்டும் தேய்ந்திருந்தால் அது வேகத்தடை வேலையே இல்லை; அருமனை, குலசேகரம் பக்கம் ரோட்டிலிருந்து செங்குத்தாக இறங்கும் வீட்டுச் சரிவுதான் அதைத் தேய்க்கும். அதற்கு எந்த ஸ்பிரிங்கும் பெரிதாக உதவாது. சரிவின் முனையில் கான்கிரீட்டைக் கொஞ்சம் இழுத்து ஊற்றுவதே மலிவு.

அடுத்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள். சமதளத்தில், டயரில் சரியான காற்றோடு, ஆளில்லாமல் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே ஃபெண்டரின் விளிம்பு வரை டேப் பிடிக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் சேர்ந்து குழப்பும். நாலு பக்கமும் எழுதி, அதே மாடல் புது வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றரை செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் ஸ்பிரிங் அயர்ந்துவிட்டது. இடதுக்கும் வலதுக்கும் 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கம் ஒடிந்திருக்கவும் கூடும், டார்ச் அடித்துக் கீழ்ச்சுற்றைப் பாருங்கள். ஒன்று சொல்லி வைக்கிறேன்: ஷாக் அப்சார்பர் மட்டும் மாற்றினால் உயரம் கூடாது. உயரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் ஆட்டத்தை அடக்கும், அவ்வளவுதான்.

இப்போது பஃபர். ரப்பரிலோ யூரித்தேனிலோ செய்த வளையம், சுருளுக்கும் சுருளுக்கும் நடுவே சோப்புத்தண்ணீர் தடவிச் செருகுவது. செலவு குறைவு, அரை மணி வேலை, எதையும் கழற்ற வேண்டாம். வேலை செய்யும் விதமும் எளிது: ஒரு சுற்றை அசையாமல் பிடித்துவிடுகிறது. ஐந்து சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்று முழுசாக நின்றால் விறைப்பு கால் பங்கு கூடும். ரப்பர் கொஞ்சம் நசுங்குவதால் நடைமுறையில் அதற்குக் குறைவு. வெற்று வண்டியில் பெரிய உயரம் கிடைக்காது. ஆள் ஏறும்போது இறங்குவது குறையும், அதுதான் லாபம். புது வண்டி, எப்போதும் ஃபுல் லோடு, பின்பக்கம் மட்டும் தட்டுகிறது என்றால் பின்ஸ்பிரிங்கில் ஒரு ஜோடி போடுவதில் தப்பில்லை. சைஸ் ஆங்கில எழுத்தில் வரும். வண்டி தரையில் நிற்கும்போது சுருள் இடைவெளியை அளந்து வாங்க வேண்டும், ஜாக்கியில் தூக்கி வைத்து அளந்தால் பெரிய சைஸ் வந்துவிடும்.

சிக்கல் பராமரிப்பில் இருக்கிறது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், மணவாளக்குறிச்சி என்று கடலை ஒட்டி நிற்கும் வண்டியின் அடிப்பகுதியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் ஒடிவது பெரும்பாலும் கீழ்க்கடைசிச் சுற்றில். அது உட்காரும் தட்டில் ஈரமணல் தங்கி, மேல்பூச்சை அராவி, உப்பு உள்ளே இறங்கி, துரு குழி விழும். அந்தக் குழியில்தான் விரிசல் தொடங்கும். பஃபர் போட்டால் அதே மாதிரி மணலும் ஈரமும் தங்கும் இடம் ஸ்பிரிங்கின் நடுவிலும் ஒன்று உண்டாகிறது. அதோடு நின்றுபோன சுற்றின் வேலையைப் பக்கத்துச் சுற்றுகள் இழுக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. ஈரம் காய இடைவெளியே கிடைக்காது. பஃபரைக் கழற்றிப் பார்த்தால் அதன் பள்ளம் பதிந்த இடத்தில் பூச்சு போய்ச் செம்பழுப்பாக நிற்கும். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மழைக்காலம் ஒவ்வொன்றும் முடிந்ததும் கழற்றி, நல்லதண்ணீரில் கழுவி, ஸ்பிரிங்கைத் துடைத்து, பூச்சு போன இடத்தில் பெயின்ட் தொட்டுப் போட வேண்டும். யார் செய்கிறார்கள்? மலையோர ஊர்களில், பேச்சிப்பாறைப் பக்கம், இந்த உப்புப் பிரச்சினை இவ்வளவு இல்லை. அங்கே பஃபர் கூடுதல் காலம் தாங்கும் என்றே நினைக்கிறேன். கடற்கரைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒடிந்த ஸ்பிரிங்கின் கூர்முனை டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

புது ஸ்பிரிங் போட்டால் பூச்சும் புதிது, உயரமும் கம்பெனி அளவுக்குத் திரும்பும். முன்ஜோடி அல்லது பின்ஜோடி என்றே மாற்ற வேண்டும், ஒற்றையாக அல்ல. ஒரே மாடலிலேயே பெட்ரோலுக்கும் டீசலுக்கும் முன்ஸ்பிரிங் வேறு; கனமான எஞ்சினுக்கு விறைப்பு அதிகம். சுருளில் வர்ணப்புள்ளி அடையாளமாக இருக்கும், பழையதோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள். முன்பக்கம் வேலை இப்படி: சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஹோஸின் கிளிப்பையும் ஸ்டெபிலைசர் லிங்க்கையும் விடுவித்து, ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிடிக்கும் இரண்டு போல்ட்டுக்கு அடையாளக்கோடு போட்டுக் கழற்ற வேண்டும். மேலே உள்ள மவுண்ட் நட்டுகளை எடுத்தால் ஸ்ட்ரட் கையோடு வரும். கம்ப்ரஸர் மாட்டி ஸ்பிரிங்கை இறுக்கும் முன் நடுநட்டில் கை வைக்கக் கூடாது. ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத்தண்டு) உள்ள வண்டிகளில் ஷாக்கின் கீழ்போல்ட்டை எடுத்து பீமை இறக்கினால் போதும்.

திறந்த கையோடு மாற்ற வேண்டியவை: மேல் மவுண்ட், அதன் பேரிங், நுரை போன்ற பம்ப் ஸ்டாப், தூசி உறை, ஸ்பிரிங் உட்காரும் ரப்பர். இவற்றை மிச்சம் பிடித்தால் இரண்டு மாதத்தில் ஸ்டியரிங் திருப்பும்போது டொக்கு டொக்கென்று கேட்கும், மறுபடியும் அதே கூலி. கீழ் ஆர்மின் புஷ் (ரப்பர் குழல்) போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், வண்டி சக்கரத்தில் நின்று எடை ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு. தொங்கலில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். பல மெக்கானிக்குகள் அவசரத்தில் விடும் இடம் இது. நின்று கேட்டு வாங்குங்கள். முடிந்ததும் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம்.

ஸ்பேசர் விஷயம் சுருக்கம். ஸ்ட்ரட்டின் தலையில் 20 மி.மீ. வைத்தால் வண்டி ஏறக்குறைய அதே அளவு நிச்சயமாக உயரும், விறைப்பும் மாறாது. இந்த இரண்டிலும் பஃபரை விட மேல்தான். ஆனால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்தே ஓடும். அதன் முனையில் உள்ள சிவி ஜாயின்டின் பூட் (ரப்பர் உறை) அதிகமாக மடிந்து வெடிக்கும், கிரீஸ் வெளியேறும், உள்ளே மணல் போகும். திருப்பத்தில் கடகடவென்று சத்தம் வந்தால் ஜாயின்ட் போயிற்று. கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மாறுவதால் டயர் ஒருபக்கம் தேயும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இன்சூரன்ஸ் சர்வேயர் அடியைப் பார்க்கும் நாளில் அலுமினிய வளையம் வெட்டவெளிச்சமாகத் தெரியும். விற்கும்போதும் அப்படியே. அடியில் ஸ்பேசரைக் கண்டால் வாங்க வருபவர் விலையை இறக்குவார். புது ஸ்பிரிங் பில்லைக் காட்டினால் அந்தப் பேச்சு வராது.

டயர் மாற்றும் நேரம் வந்திருந்தால் ஒரு படி ஏறலாம். 175/65 ஆர் 15 போய் 185/65 ஆர் 15 வந்தால் விட்டம் 13 மி.மீ. கூடும், வண்டி உயர்வது அதில் பாதி, ஆறரை மி.மீ. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நிஜவேகம் ஏறத்தாழ 82. மொத்த விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து உள்லைனரில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். புது ஸ்பிரிங்கோடு இது சேர்ந்தால் நல்ல ஜோடி.

கார்டு பிளேட் உயரத்தைத் தராது, 1 செ.மீ. தின்னும். இருந்தாலும் அலுமினிய ஆயில் சம்ப் (எஞ்சின் எண்ணெய்த் தொட்டி) உள்ள வண்டிக்கு அது காப்பு. ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு நேராகத் துளை உள்ளதாக வாங்கி, ஒவ்வொரு சர்வீஸிலும் கழற்றி உள்ளே தேங்கும் மணலைக் கொட்டுங்கள்.

ஓட்டும் முறையில் இலவசமாகக் கிடைக்கும் 2 செ.மீ. ஒன்று உண்டு. பிரேக் மிதித்தபடியே தடையில் ஏறினால் மூக்கு கவிழும். தடைக்கு முன்பே வேகத்தைக் கொன்று, முன்சக்கரம் தொடும் நேரம் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கோணலாக ஏற்றுவதும் உதவும், ஆனால் மார்த்தாண்டம் மாதிரி நெரிசலில் இடப்பக்கம் பைக் நுழைந்துகொண்டிருக்கும். கண்ணாடி பார்க்காமல் வளைக்க வேண்டாம். ஓங்கித் தட்டிய சத்தம் கேட்டால் ஓரம்கட்டி அடியில் எண்ணெய் சொட்டுகிறதா பாருங்கள். ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும், அடுத்த ஒர்க்‌ஷாப் நூறு அடியில் இருந்தாலும்.