மே மாதத்தில் வாங்கக் கூடாத பெட்டி

திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். திரவம்போல ஓடினாலும் மூலக்கூறுகள் வரிசையாக நிற்கும் பொருள்தான் திரவப் படிகம். அதன் பெயரைச் சொன்னால் பிள்ளைகளுக்கு டிவி திரைதான் நினைவுக்கு வரும். அதை உறிஞ்சி, சூட்டில் உருமாறும் ஜெல்லைக் காட்டலாமே என்று 4,200 ரூபாய்க்கு இந்தச் செய்முறைப் பெட்டியை வரவழைத்தேன். ரப்பர் போன்ற இரண்டு திரவப் படிகப் பாலிமர் பட்டைகள், ஒரு குப்பியில் 5சிபி என்கிற திரவப் படிகம், இடுக்கி, விளக்கத் தாள். அவ்வளவுதான்.

பட்டைக்கு முழு மதிப்பெண் தருவேன். 5 செ.மீ. நீளம். டம்ளரில் கொதிநீர் ஊற்றி உள்ளே விட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் 3.5 செ.மீ. ஆனது, அகலம் கூடியது. ஆறியதும் பழைய நீளம். உள்ளே தடிபோன்ற மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நிற்கின்றன. சூட்டில் அந்த வரிசை கலைய, பாலிமர் சங்கிலியும் கூடவே சுருண்டுகொள்கிறது. செயற்கைத் தசைக்கு இது உதவும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் முன்பே சொல்லிவிட்டார். ஐந்து ரூபாய் நாணயத்தைக் கட்டித் தொங்கவிட்டு ஹேர் டிரையரைக் காட்டினேன், தூக்கிவிட்டது! கடைசி பெஞ்சு மொத்தமும் எழுந்து வந்துவிட்டது.

வம்பு குப்பியில்தான். 35 டிகிரியில் மூலக்கூறு வரிசை கலைந்து கலங்கல் தெளிவதைப் பாருங்கள் என்கிறது தாள். எங்கள் ஆய்வகத்தில் மே மாதப் பகல் 38 டிகிரி. பெட்டியைத் திறந்தபோதே குப்பி பளிங்காக இருந்தது. சரி என்று ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் கட்டியாக உறைந்துகிடந்தது, 24-க்குக் கீழே அது அப்படித்தான். கடைசியில் முதல்வர் அறை ஏசியில்தான் செய்முறை நடந்தது. அவர் பாவம், கோப்புகளோடு வெளியே உட்கார்ந்திருந்தார்.

பட்டையை ஜெல்லாக்க அந்தக் குப்பித் திரவத்தில் 15 நிமிடம் ஊறவைத்தால் போதுமாம். எனக்கு ஒரு ராத்திரி பிடித்தது. தடிமன் இரட்டித்தால் ஊற நான்கு மடங்கு நேரம் வேண்டும். எந்த மெல்லிய பட்டையை வைத்து அந்த 15-ஐ எழுதினார்களோ! ஊறிய பிறகு பக்கவாட்டில்தான் உப்பியிருந்தது, நீளம் அவ்வளவாக மாறவில்லை. குப்பியோடு வெந்நீரில் நிறுத்தியதும் நீளம் குறைந்தது. உலர்ந்த பட்டைக்குத் தேவைப்பட்ட கொதிநீர் இதற்கு வேண்டியிருக்கவில்லை.

விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன். "அறை வெப்பநிலையைச் சரிபார்க்கவும்" என்று ஒற்றை வரிப் பதில்.

பட்டை மட்டும் தனியாக 1,500 ரூபாய்க்கு அங்கேயே கிடைக்கிறது, அதை வாங்குங்கள். முழுப் பெட்டிதான் வேண்டுமென்றால் டிசம்பரில் ஆர்டர் போடுங்கள்.