சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காக்கள்: எந்த ரோலர் கோஸ்டருக்கு வரிசையில் நிற்கலாம்

டொராண்டோவுக்கு வடக்கே ஹைவே 400 ஓரமாக நிற்கும் கனடாஸ் வொண்டர்லேண்ட் கேளிக்கைப் பூங்கா 1981இல் திறக்கப்பட்டது. 2006இல் பூங்காக்களை நடத்தும் சீடர் ஃபேர் நிறுவனம் அதை வாங்கியது. 2024 ஜூலை 1 அன்று சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற பெயரிலேயே ஒன்றாயின. இணைந்தபோது அவர்கள் கையில் 27 கேளிக்கைப் பூங்காக்களும் 15 நீர்ப் பூங்காக்களும் இருந்தன. விமானம் ஏறி வரும் சுற்றுலாப் பயணிகளை விட, சில மணி நேரம் கார் ஓட்டி வரும் குடும்பங்களை நம்பியே இவை நடக்கின்றன. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கோடை முழுக்க வொண்டர்லேண்ட் போய்வருவது இதனால்தான். சீசன் பாஸை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் ஒஹையோ வரை போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

வொண்டர்லேண்டின் பெருமை லெவியத்தான். 2012இல் சுவிஸ் நிறுவனமான பொலிகர் அண்ட் மபியார் கட்டியது. 300 அடியைத் தாண்டி அவர்கள் கட்டிய முதல் கோஸ்டர். உயரம் 306 அடி, முதல் சரிவு 80 டிகிரி, வேகம் மணிக்கு 148 கி.மீ. உச்சியிலிருந்து சுரங்கத்துக்குள் பாய்ந்து வெளியேறி முதல் வளைவில் சாயும் வரை இதற்கு ஈடாக இந்தப் பூங்காவில் எதுவும் இல்லை. ஆனால் பின்பாதி சுருக்கமானது, வேகம் மிச்சமிருக்கும்போதே பிரேக் வந்துவிடும். இருக்கையை விட்டு உடம்பு எழும்பும் அந்த மிதப்புக்காக வருகிறவர்கள் 2008இல் வந்த பெஹிமோத்தில் ஏறுங்கள். 230 அடிதான். ஆனால் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, ஒவ்வொன்றிலும் தொடை, மடியைப் பிடித்துவைக்கும் தடுப்பான லேப் பாரில் அழுந்தும். எங்கள் கணக்கில் பூங்காவின் சிறந்த கோஸ்டர் பெஹிமோத்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் அந்த மிதப்பு இன்னும் நன்றாகத் தெரியும். முன்வரிசையில் காட்சி கிடைக்கும். கடைசி வரிசையை, முன்பகுதி ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டதால், ரயிலே உச்சிக்கு மேலாக இழுத்துப் போடும்.

வரிசையில் நிற்பதற்கு முன் ரயில் ஏற்றும் வேகத்தைக் கவனியுங்கள். லெவியத்தான் ரயிலில் 32 பேர். 90 வினாடிக்கு ஒரு ரயில் புறப்பட்டால் மணிக்கு 1,280 பேர் போகலாம். இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று என்றால் 768 பேர்தான். உங்களுக்கு முன்னால் 600 பேர் நிற்கிறார்கள் என்றால், முதல் கணக்கில் 28 நிமிடம், இரண்டாவதில் 47 நிமிடம். வரிசையின் நீளம் ஒன்றுதான், காத்திருப்பு வேறு. தண்டவாளம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரே ரயில்தான் இருக்கலாம் என்று கட்டுப்பாட்டுக் கணினி பார்த்துக்கொள்கிறது. முன்ரயில் ஆள் ஏறும் மேடையை விட்டுக் கிளம்பாவிட்டால் ஓட்டம் முடித்த ரயில் பிரேக்கில் ஆளோடு நிற்கும். தரையிலிருந்து ஒரு நிமிடம் பார்த்தாலே இது தெரிந்துவிடும். தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் இயந்திரம் அல்ல: மேடையில் கழற்றி வைக்கும் பைகள், தொப்பிகள், லேப் பார் சரியாக இறங்காதவர்கள். தொடை பருமனானவர்கள் நுழைவாயிலில் இருக்கும் சோதனை இருக்கையில் முதலில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். ஒரு மணி நேரம் நின்று மேடையில் திருப்பி அனுப்பப்படும் சங்கடம் இருக்காது. துப்பட்டாவும் நீளமான சால்வையும் வேண்டாம், கண்ணாடிக்குப் பின்பட்டி வேண்டும்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் உயரத்தை வீட்டிலேயே அளந்து கொள்ளுங்கள். லெவியத்தானுக்கும் பெஹிமோத்துக்கும் குறைந்தது 54 அங்குலம், யூகான் ஸ்டிரைக்கருக்கு 52. யூகான் ஸ்டிரைக்கர் 2019இல் வந்தது. விளிம்பில் மூன்று வினாடி நிறுத்தி, கீழே தண்ணீருக்கடியில் போகும் சுரங்கத்துக்குள் 245 அடி செங்குத்தாக விடும். அந்த நிறுத்தம்தான் இதன் உயிர், முன்வரிசையில் மட்டுமே அது முழுதாகக் கிடைக்கும். 2025இல் மலைக்குள்ளிருந்து வெடித்துக் கிளம்பும் ஆல்பென்ஃபியூரி சேர்ந்தது. ஒன்பது முறை தலைகீழாகும். புதியது என்பதால் கூட்டம் அங்கே குவியும், காலையில் கதவு திறந்ததும் அதற்கே போங்கள். வாசலை ஒட்டியிருக்கும் லெவியத்தானில் காலையில் எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள். அதை மாலைக்கு வையுங்கள். 1995இன் ஃபிளைட் டெக்கில் தோள் தடுப்பில் காது இடிபடும். கழுத்து வலி உள்ளவர்கள் தவிர்த்துவிடலாம்.

மே மாதக் குளிர்க் காலைகளில் பெரிய கோஸ்டர்கள் தாமதமாகத் திறந்தால் கோபப்படாதீர்கள். சக்கரத்தின் மேல்பூச்சும் மசகும் குளிரில் இறுகினால் ரயில் மெதுவாக உருளும். மேட்டைத் தாண்டாமல் பள்ளத்தில் நின்றுவிட்டால் ஆட்களை இறக்கி ரயிலை மீட்க மணிக்கணக்காகும். அதனால்தான் முதலில் காலி ரயில்களை ஓட்டிப் பார்க்கிறார்கள். லேசான மழையில் பல கோஸ்டர்கள் ஓடும், பக்கத்தில் மின்னல் என்றால் எல்லாம் நிற்கும்.

ஒஹையோவின் சாண்டஸ்கியில், ஈரி ஏரிக்குள் நீளும் நிலமுனையில் இருக்கிறது இதே நிறுவனத்தின் சீடர் பாயிண்ட் பூங்கா. 1870இலிருந்து இருக்கும் இடம். கனடிய நிரந்தர வதிவுரிமை மட்டும் வைத்திருந்து இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு அமெரிக்க விசா தேவை, அதை முதலில் பாருங்கள். எல்லை தாண்டும் சிரமத்துக்கு ஈடாக இங்கே இரண்டு கோஸ்டர்கள் உண்டு. மில்லினியம் ஃபோர்ஸ், 2000இல் இன்டாமின் கட்டியது: 310 அடி, மணிக்கு 150 கி.மீ. சங்கிலிக்குப் பதில் எஃகு வடம் இழுப்பதால் ஏற்றம் விறுவிறுவென முடிந்துவிடும். அதன்பின் ஏரியோரமாக நீளும் அந்த வேகம் லெவியத்தானில் இல்லாதது. மற்றொன்று ஸ்டீல் வெஞ்சன்ஸ். 1991இன் மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டரின் சட்டத்தின் மேல் ராக்கி மவுண்டன் நிறுவனம் எஃகுத் தடம் பொருத்தி 2018இல் திறந்தது: 205 அடி, 5,740 அடி நீளம், நான்கு தலைகீழ்ச் சுழற்சிகள். இரண்டரை நிமிடமும் உடம்பு இருக்கையில் நிலைப்பதில்லை. ரயிலுக்கு 24 பேர்தான், வரிசை மெதுவாகவே நகரும். ஒரே ஒரு கோஸ்டருக்காக ஃபாஸ்ட் லேன் (காசு கொடுத்துக் குறுகிய வரிசையில் போகும் அனுமதி) வாங்கலாம் என்றால் அது இதற்குத்தான். ஏரிக்காற்று பலமானால் உயரமானவை மூடப்படும்; முன்னறிவிப்பில் காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

சீடர் பாயிண்டின் டாப் த்ரில் 2-ஐ நம்பி மட்டும் பயணம் திட்டமிட வேண்டாம். 2003இல் டாப் த்ரில் டிராக்ஸ்டர் என்ற பெயரில் 420 அடி உயரத்தோடு வந்தது. 2021 ஆகஸ்டில் ரயிலிலிருந்து கழன்ற உலோகத் துண்டு வரிசையில் நின்ற பெண்ணைக் காயப்படுத்தியதோடு மூடப்பட்டது. ஹைட்ராலிக் உந்தலை எடுத்துவிட்டுக் காந்த உந்தல் வைத்து, புதிய ரயில்களோடு 2024 மே மாதம் திறந்தார்கள்; சில நாட்களிலேயே ரயில்களில் சிக்கல் வந்து அந்தப் பருவம் முழுவதும் நின்றது. 2025இல்தான் மறுபடி ஓடியது. நியூஜெர்சியில் 456 அடி நின்ற கிங்டா கா கோஸ்டரை 2025 பிப்ரவரியில் வெடிவைத்தே தகர்த்துவிட்டார்கள். சாதனை உயரத்துக்கு மனிதரை ஏவும் இயந்திரம் பழுதுக்கும் அதே அளவு ஆளாகிறது. ஓடினால் ஏறுங்கள், நிச்சயம் நல்ல அனுபவம்.

ஒஹையோவிலேயே சின்சினாட்டிக்கு வடக்கே இருக்கும் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவின் தி பீஸ்ட் வேறு வகை. 1979இன் மரக் கோஸ்டர், 7,300 அடிக்கு மேல் நீளம், காட்டுக்குள் நான்கு நிமிடத்துக்கும் மேலாக ஓடும், இரண்டு ஏற்றங்கள். 48 அங்குலம் போதும் என்பதால் எட்டு வயதுப் பிள்ளைகள் பலரும் ஏறலாம். ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று வரிசை. சக்கரம் முன்னும் பின்னும் இருப்பதால் நடுவரிசையில் குலுங்கல் குறைவு. இருட்டிய பிறகு ஏறுங்கள். காட்டுக்குள் விளக்கே இல்லாத வளைவுகளில் அடுத்து என்ன வருமென்று தெரியாது.

பாஸ் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: கார் நிறுத்தக் கட்டணம் அதில் அடங்குமா, மற்ற பூங்காக்களுக்கும் செல்லுமா அல்லது அதற்குத் தனிக் கட்டணமா. அடுத்த ஆண்டுப் பாஸ் கோடை முடியும்போதே விற்பனைக்கு வந்துவிடும்; அப்போது வாங்கினால் அந்த இலையுதிர் காலத்திலும் பயன்படுத்தலாம். வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். புளிச்சோறோ இட்லியோ காரிலேயே வைத்துவிட்டு, திரும்ப நுழைவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று வாசலில் கேட்டுக்கொண்டு வெளியே வந்து சாப்பிடுங்கள். பதின்வயதுப் பிள்ளைகளைத் தனியே இறக்கிவிட நினைப்பவர்கள் முன்கூட்டியே விசாரியுங்கள். சில பூங்காக்களில் மாலைக்குப் பிறகு 15 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களோடு பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.