கட்மியமா, பாதரசமா: மீனின் சிறுநீரகத்துக்கு எது பொல்லாதது?

மட்டக்களப்புக் கல்லடியில் மீன் வெட்டும்போது பாருங்கள்: முள்ளந்தண்டை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டி இருக்கும். இரத்தக்கட்டி என்று சுரண்டி எறிகிறோமே, அதுதான் சிறுநீரகம். மட்டக்களப்பு வாவி மழைக்கு நன்னீராகும், முகத்துவாரம் திறந்தால் உப்பேறும். நன்னீரில் உப்பை மீட்டெடுக்கவும், உப்புநீரில் மக்னீசியத்தை வெளியேற்றவும் இந்தப் பட்டிதான் பாடுபடுகிறது.

இந்த வேலையைக் குழப்பும் நச்சு உலோகங்கள்தான் பாதரசமும் கட்மியமும். பாதரசம் நேரடி அடிதடிக்காரன். புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு, கலத்திலிருந்து 3 சோடியம் அயனை வெளியே தள்ளி 2 பொற்றாசியம் அயனை உள்ளே எடுக்கும் புரதப் பம்பை முடக்கிவிடும். பம்பு நின்றால் அதை நம்பியிருக்கும் மற்றக் கடத்தல்களும் தடுமாறும்.

கட்மியம் ஆள்மாறாட்டக்காரன். கல்சியம் அயனின் ஆரம் 100 பிக்கோமீற்றர், கட்மியத்துக்கு 95. வித்தியாசம் தெரியாமல் கலத்தில் கல்சியம் நுழையும் வாசலே இதை உள்ளே விட்டுவிடும். உள்ளே போனதும் கல்சியப் பம்பைக் கெடுக்கும். மெட்டலோதயோனீன் என்ற புரதம் இதைப் பிடித்துக் கட்டிவைக்கிறது. அதனாலேயே சிறுநீரகத்தில் வருடக்கணக்கில் தேங்கும்.

மீனின் சிறுநீரகத்துக்குக் கட்மியம்தான் பொல்லாதது என்பேன். சாப்பிடும் நமக்கோ கதை வேறு. குடலையும் அந்தப் பட்டியையும் எறிந்தால் கட்மியத்தில் பெரும்பங்கு போய்விடும். பாதரசத்தின் சேதன வடிவமான மெதைல் பாதரசம் சதையிலேயே இருக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது.