செம்பனைப் பிண்ணாக்கு மூட்டை: கண்காட்சிக் காளைக்கு எதுவரை கைகொடுக்கும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற டவுன்களில் மலிவாகவும் தட்டுப்பாடில்லாமலும் கிடைக்கும் மாட்டுத் தீவனம் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்குதான். கடையில் ‘பிகேசி’ என்று கேட்டால் மூட்டையைத் தூக்கி வைப்பார்கள். காயடித்த காளையை நடுவர் முன்னால் நடத்திக் காட்ட நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் இதை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் எடை ஏறும், வடிவம் வராது. போகப்போக காளைக்கே ஆபத்து.

தோட்டத்துப் புல்லை மட்டும் மேய்ந்த காளையைப் பின்னாலிருந்து பாருங்கள். வயிறு தொங்கும், புட்டம் ஒட்டியிருக்கும், முதுகெலும்பு துருத்தி நிற்கும். லாலாங் என்ற முரட்டுக் களைப்புல்லும் மற்ற முற்றிய புல்லும் செரிக்காமல் நெடுநேரம் தங்கிப் பெருவயிற்றை ஊத வைக்கின்றன. புரதம் போதாததால் தொடையும் இடுப்பும் சதை பிடிப்பதில்லை. இந்த இடத்தில்தான் பிண்ணாக்கு உதவுகிறது. 14 முதல் 17 சதவீதம் புரதம் உண்டு. மாவுச்சத்து குறைவு என்பதால் சோளம் போல வயிற்றைச் சட்டென்று புளிக்க வைக்காது. பொடியாக இருப்பதால் சீக்கிரம் இறங்கிவிடும். வயிற்றில் மூட்டையாய்த் தங்காது.

400 கிலோ காளைக்கு ஒரு நாள் கணக்கு: பிண்ணாக்கு 5 கிலோ, உடைத்த சோளம் 2 கிலோ, சோயாப் பிண்ணாக்கு அரை கிலோ, ஆறு வாரத்தில் அறுத்து மூன்று நான்கு சென்டிமீட்டராக நறுக்கிய நேப்பியர் புல் 18 கிலோ. இதோடு தீவனச் சுண்ணாம்புத்தூள் 100 கிராம், உப்பு 40 கிராம், தாது உப்புக் கலவை. பகல் வெயிலில் மாடு சரியாகத் தின்னாது. பாதிக்கு மேல் மாலையில் வையுங்கள்.

சுண்ணாம்பை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. கடைக்காரரும் ஞாபகப்படுத்த மாட்டார். பிண்ணாக்கில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் அதில் ஏறக்குறைய பாதிதான். அந்தக் குறையைச் சுண்ணாம்பு ஈடுகட்டும். தவிட்டில் நிலைமை இன்னும் மோசம். அதனால்தான் மேலே தவிட்டைச் சேர்க்கவில்லை. கால்சியத்தை விடப் பாஸ்பரஸ் நாள்பட அதிகமாக இருந்தால் மூத்திரத்தில் கல் சேரும். சின்னதிலேயே காயடித்த காளைக்கு மூத்திரக் குழாய் குறுகல், கல் அங்கேயே அடைத்துக்கொள்ளும். குறி நுனி மயிரில் வெள்ளை மணல் போல ஒட்டியிருக்கிறதா என்று தினமும் விரலால் தடவிப் பாருங்கள். காளை வாலை உதறிக்கொண்டு முக்கினால், சொட்டுச் சொட்டாகப் போனால், அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மூத்திரப்பை வெடித்துவிட்டால் காப்பாற்றுவது கடினம். உப்பு சேர்ப்பதும் இதற்காகத்தான்: தாகம் எடுத்து நிறையத் தண்ணீர் குடிக்கும். தொட்டியில் நல்ல தண்ணீர் எப்போதும் நிற்கட்டும்.

மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். இளம் பழுப்பு நிறமும் வறுத்த தேங்காய் வாசனையும் நல்ல சரக்கின் அடையாளம். கருத்திருந்தால் சூடு அதிகம் பட்டது. புரதம் இருந்தும் மாட்டுக்குச் சேராது. காறல் வாசனை அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது. ஒரு பிடியை மாவுச் சல்லடையில் சலித்துப் பாருங்கள். மேலே கறுப்பாக, கூர்மையாக மிஞ்சுவது கொட்டை ஓடு. அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம், காளைக்கு ஒரு பயனும் இல்லை. நம் ஊர் ஈரத்தில் மூட்டை தரையில் கிடந்தால் அடியில் கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும். பலகை மேல் அடுக்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் அளவுக்கு வாங்கிக் குவிக்காதீர்கள்.

முதல் நாள் ஒரு கிலோ. அதன்பின் இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை கிலோ கூட்டுங்கள். அவசரப்பட்டால் சாணி தண்ணீராகப் போகும், அசை போடுவது குறையும். அப்படி ஆனால் முந்தைய அளவுக்கே இறங்கி நான்கு நாள் பொறுங்கள். உலர்ந்த பொடி மூக்கில் ஏறுவதால் மாடு முகம் திருப்பும். கொஞ்சம் தண்ணீரில் கரைத்த கரும்புப் பாகு 200 கிராம் விட்டுப் பிசறினால் நக்கித் தின்னும். நனைத்தது மதியத்துக்குள் புளித்துவிடும். மிச்சத்தை அள்ளிக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவுங்கள்.

வடிவத்தைக் கண்ணை விடக் கைதான் சரியாகச் சொல்லும். கடைசி இரண்டு விலா மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். எலும்பு குத்தினால் சோளத்தை அரை கிலோ கூட்டலாம். விரலுக்கு விலாவே தட்டுப்படாமல் வால் மூட்டின் இரு பக்கமும் கொழுப்பு உருண்டால் சோளத்தைக் குறையுங்கள். அள்ளை உள்வாங்கி நடு உடம்பு குறுகலாகத் தெரிந்தால் புல்லைக் கூட்டுங்கள். வயிறு தொங்கினால் புல்லை 12 கிலோ வரை இறக்கலாம். அதற்குக் கீழே போகாதீர்கள், அசை போட நார் வேண்டும். பிராமன் கலப்புக் காளைக்கு இந்தத் தீவனத்தில் நாளுக்கு 0.6 முதல் 0.8 கிலோ ஏறினால் நல்ல வளர்ச்சி. மலேசிய நாட்டு இனமான கெடா-கிளந்தான் மாடு அவ்வளவு ஏறாது. அதற்காக அளவைக் கூட்டித் திணிக்க வேண்டாம்.

கண்காட்சிக்கு முந்தைய மூன்று நாளில் புதிதாக எதையும் தொட்டியில் போடாதீர்கள். அன்று காலை வழக்கத்தில் பாதித் தீவனம், காய்ந்த புல், வயிறு நிறையத் தண்ணீர். அள்ளை நிரம்பி நிற்கும்.

பக்கத்தில் செம்மறி ஆடு கட்டியிருந்தால் இந்தப் பிண்ணாக்கை அதன் வாய்க்கு எட்டாமல் வையுங்கள். இதில் உள்ள செம்புச் சத்தை மாடு தாங்கும், செம்மறியின் ஈரல் தாங்காது.