ரூ.2,85,000 போச்சு: பழைய மில்லிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று ராத்திரிதான் மெஷினை விற்றவரிடமிருந்து கடைசி பதில் வந்தது. "பழைய மெஷின்னா இப்படித்தான் இருக்கும். இனிமே இந்த நம்பருக்கு கூப்பிடாதீங்க." அவ்வளவுதான். அதற்கப்புறம் ரிங்கே போகவில்லை. தூக்கம் வராமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என்னை மாதிரி இன்னொருத்தர் நாளைக்கே பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் இல்லையா, அவருக்காக.

கோவை கணபதி பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நானும் ஒரு பையனும். பம்ப், மோட்டார் ஷாஃப்ட் கடைசல்தான் முக்கால்வாசி வேலை. ஷாஃப்டை முடித்துவிட்டு கீவே (கீ என்ற சின்ன கட்டை உட்காருகிற நீளக் குழி) வெட்ட மட்டும் வெளியே கொடுத்து வாங்குவேன். அங்கே போய்க் காத்துக்கிடந்தே பாதி நாள் போய்விடும். சுழலும் கட்டரால் அந்தக் குழியை வெட்டுகிற மில்லிங் மெஷின் சொந்தமாக ஒன்று இருந்தால் அந்தக் காசும் மிச்சம், நேரமும் மிச்சம் என்று இரண்டு வருடமாக நினைப்பு. நகைக் கடன் ரூ.1,60,000, சீட்டு எடுத்த பணம் மீதி. மொத்தம் ரூ.2,85,000.

பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு ஆப்பில் விளம்பரம் பார்த்தேன். டரெட் மில்லிங் (தலைப்பகுதியைத் திருப்பி வைக்க முடிகிறது), எம்1டிஆர் வகை, "ஃபுல் சர்வீஸ் செய்தது, ஸ்கிரேப்பிங் புதிது" என்று போட்டிருந்தார்கள். ஸ்கிரேப்பிங் என்றால் தேய்ந்த சறுக்குப் பாதையைக் கையால் சுரண்டிச் சமமாக்குவது. போட்டோவில் பச்சை பெயின்ட் பளபளவென்று இருந்தது. பெயர்ப்பலகை இல்லை. இந்த வடிவம் 1938ல் அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் முதலில் வந்தது. அதற்குப் பிறகு அதே அச்சில் எத்தனையோ பேர் செய்துவிட்டார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுப் புது பெயின்ட் அடித்தால் யார் செய்தது, எத்தனை வருடம் ஓடியது என்று பார்வையில் சொல்லவே முடியாது. அது அன்றைக்கு என் மண்டையில் உறைக்கவில்லை.

மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் பெரியவர் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். டீ வரவழைத்தார். வலது கையை விரித்துக் காட்டினார், ஆள்காட்டி விரல் நுனி இல்லை. "நானும் மெஷின்ல நின்னவன்தான் தம்பி. தொழிலாளிக்குத் தொழிலாளி பொய் சொல்ல மாட்டான்" என்றார். என் பையில் டயல் கேஜ் (நூலளவு ஆட்டத்தையும் முள்ளால் காட்டுகிற அளவுகருவி) இருந்தது, மேக்னெட் ஸ்டாண்டும் இருந்தது. பையின் ஜிப்பைப் பாதி திறந்தவன் அதைக் கேட்டுவிட்டுத் திரும்ப மூடிவிட்டேன். அவர் முன்னால் டயலை எடுத்து வைத்தால் அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று கூச்சம். ரூ.2,85,000 போனது அந்த நிமிடத்தில்தான்.

அவர் காட்டியதை அப்படியே சொல்கிறேன். முதலில் ஸ்பிண்டில். கட்டரைப் பிடித்துச் சுற்றுவது அதுதான், மெஷினின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஓட்டிக் காட்டினார், சத்தமே இல்லை. ஐந்து நிமிடத்தில் "கரன்ட் போற நேரம் தம்பி" என்று நிறுத்திவிட்டார். அப்புறம் டேபிள். வேலைப்பொருளைக் கட்டி வைத்து இடம் வலமாக ஓட்டுகிற பலகை அது. அதன் மேல் எட்டு அங்குல வைஸ் (வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கி) ஒன்று போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. கைப்பிடியைச் சுற்றினார், வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. ஆனால் நடுவில் ஒரு சாண் தூரம்தான். டேபிள் முன்பக்கம் இருக்கிற இரண்டு ஸ்டாப்பரையும் நெருக்கி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "கடைசியா ஓடின வேலைக்கு வச்ச செட்டிங், அப்படியே இருக்கு" என்றார். நியாயமாகத்தான் பட்டது. கைப்பிடியை அவர் ஒரே பக்கமாகத்தான் சுற்றினார் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

டேபிளுக்குக் கீழே சேடில், அது டேபிளை முன்னும் பின்னும் கொண்டு போகும். சேடிலுக்குக் கீழே "நீ", அதாவது முழங்கால். மேலே இருக்கிற மொத்த பாரத்தையும் தாங்கிக்கொண்டு, நெடுக்குத் திருகின் பலத்தில் "காலம்" (column) மேல் ஏறி இறங்கும். காலம் என்பது மெஷினின் முதுகெலும்பு மாதிரி நிற்கிற தூண். அந்த முழங்காலின் மேல் சறுக்குப் பாதையில் அரைநிலா அரைநிலாவாகக் கீறல் போட்டிருந்தது. "பாருங்க, இப்பதான் ஸ்கிரேப் பண்ணது" என்றார். கையால் தடவிப் பார்த்து நானும் தலையாட்டினேன்.

விலை ரூ.3,10,000 சொன்னார். பேசிப் பேசி ரூ.2,85,000க்கு வந்தது. கடைசியில், "வைஸையும் சும்மாவே எடுத்துக்கங்க தம்பி, கழட்ட வேண்டாம், அப்படியே லாரியில ஏத்திக்கலாம்" என்றார். அந்த வைஸ் மட்டும் தனியாக வாங்கினால் ஒரு நல்ல தொகை ஆகும். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே. பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ஜிஎஸ்டி பில் இல்லை, ஒரு வெள்ளைத் தாளில் "உள்ளது உள்ளபடி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கிரேன், லாரி வாடகை தனியாக ரூ.14,000.

பட்டறைக்கு வந்ததும் முதல் வேலை, 28 மி.மீ ஷாஃப்டில் 8 மி.மீ கீவே. 8 மி.மீ கட்டர்தான் போட்டேன். குழி 8.1க்கு மேல் வந்தது. கீயைப் போட்டால் லொடலொட. வேறு கட்டர் போட்டேன், அதே கதை. அப்போதுதான் டயல் கேஜை வெளியே எடுத்தேன். ஸ்பிண்டில் டேப்பருக்குள் (டூல் உட்காருகிற கூம்புத் துளை) வைத்துக் கையால் சுற்றினேன், முள் 0.08 மி.மீ ஓடியது. நல்ல ஸ்பிண்டிலில் 0.01 பக்கம்தான் இருக்க வேண்டும். இதில் இருக்கிற ஐஎஸ்ஓ 40 அளவு டேப்பர் தானாகக் கவ்விப் பிடிக்காது, மேலிருந்து டிராபார் என்ற நீளக் கம்பிதான் இழுத்துப் பிடிக்கும். அது சரியாக இறுக்காமல் எப்போதோ டூல் உள்ளேயே சுழன்றிருக்கிறது. டேப்பர் முழுக்க வரி வரியாகக் கோடு. அரை மணி நேரம் ஓட்டியதும் பேரிங் கத்த ஆரம்பித்துவிட்டது. ஹெட்டைத் திறந்தால் உள்ளே கிரீஸை அப்பி அடைத்து வைத்திருக்கிறார்கள். சூடாகி இளகுகிற வரைக்கும் சத்தத்தை அமுக்கி வைத்திருந்தது அதுதான். அவருக்கு ஏன் ஐந்து நிமிடத்தில் கரன்ட் போனது என்று அப்போது புரிந்தது.

ஸ்டாப்பரைத் தள்ளிவிட்டு டேபிளை ஓரத்துக்கு ஓட்டினேன். முக்கால் தூரத்தில் இறுகி நின்றுவிட்டது. எல்லாப் பட்டறையிலும் வேலை நடுவில்தான் நடக்கும், அதனால் டேபிளின் டவ்டெயில் (டேபிள் சறுக்குகிற சரிவான பாதை) நடுவில்தான் தேயும், ஓரம் புதிதாகவே இருக்கும். தேய்வதால் வருகிற ஆட்டத்தை எடுக்கிற ஆப்பு மாதிரியான பட்டைதான் கிப். அதை நடுவுக்குத் தகுந்த மாதிரி இறுக்கினால் ஓரத்தில் பிடிக்கும். ஓரத்துக்குத் தகுந்த மாதிரி தளர்த்தினால் நடுவில் டேபிள் ஆடும். இரண்டில் எதை வைத்தாலும் வேலை ஆகாது. டேபிளை நகர்த்துகிற திருகான லீட்ஸ்க்ரூ அதைவிட மோசம். கைப்பிடியை மறுபக்கம் சுற்றினால் 1.2 மி.மீ வரைக்கும் டயல் வளையம் மட்டும் நகர்கிறது, டேபிள் அசையவில்லை. இந்த பேக்லாஷோடு, அதாவது திருகின் வெற்று ஆட்டத்தோடு, கட்டர் சுழலும் திசையிலேயே ஊட்டம் கொடுத்தால் டேபிளைக் கட்டரே பிடித்து இழுத்துவிடும். எனக்கு இரண்டு எண்ட்மில் கட்டர் அப்படி உடைந்தது.

அந்த அரைநிலா இருக்கிறதே, அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. உண்மையான ஸ்கிரேப்பிங் என்றால் நேர்கோலில் நீலம் தடவி, மேட்டில் ஒட்டுகிற இடத்தை மட்டும் கையால் சுரண்டி, திரும்பத் தடவி, திரும்பச் சுரண்டி, நாள் கணக்கில் செய்கிற வேலை. அந்தச் சின்னக் குழிகளில் எண்ணெய் நிற்கும், சறுக்கல் சுகமாக இருக்கும். பழைய ஃபிட்டர்கள் அதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன், அப்படி ஒரு கைத்திறமை. இதில் ஹேண்ட் கிரைண்டரை வைத்து அந்த மாதிரி கோலம் போட்டிருக்கிறார்கள். பக்கத்துப் பட்டறை ஃபிட்டர் அண்ணா வந்து நேர்கோலை வைத்தார். நடுவில் 0.10 மி.மீ ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) உள்ளே போய் வந்தது. "தேய்ஞ்சதைச் சரி பண்ணல சாமி, இன்னும் தேய்ச்சு விட்டிருக்கான்" என்றார்.

கடைசியாக வைஸைக் கழற்றினோம். டேபிளில் போல்ட் தலையைக் கவ்விப் பிடிக்கிற டி-ஸ்லாட்டின் உதடு வைஸுக்கு அடியில் ஒரு விரல் நீளத்துக்கு உடைந்திருக்கிறது. பட்டி பார்த்து, எபாக்சி வைத்து அடைத்து, தேய்த்து, எண்ணெய் பூசி வைத்திருக்கிறார்கள். சும்மா கொடுத்த வைஸ்.

போன் செய்தேன். முதல் நாள், "லாரியில ஆடியிருக்கும் தம்பி, கிப்பைக் கொஞ்சம் டைட் பண்ணுங்க." நாலாம் நாள், "உங்க ஆளுக்கு ஓட்டத் தெரியல." ஒரு வாரம் கழித்து மகன் எடுத்தார், "அப்பா வெளியூர் போயிருக்காருங்க." பின்னணியில் பெரியவர் இருமுகிற சத்தம் கேட்டது. டி-ஸ்லாட் போட்டோவை அனுப்பினேன், இரண்டு நீல டிக் வந்தது, பதில் இல்லை. ஆப்பில் புகார் கொடுத்தேன். "நாங்கள் விளம்பரம் மட்டுமே வெளியிடுகிறோம், பரிவர்த்தனைக்குப் பொறுப்பல்ல" என்று ஒரு வரி, புகார் முடிந்தது என்று மூடிவிட்டார்கள். ஸ்டேஷனில் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்துவிட்டு, "உள்ளது உள்ளபடின்னு நீங்களே வாங்கியிருக்கீங்களே, இது சிவில் மேட்டருங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். ரூ.2,85,000. அதற்கு வட்டி இந்த மாதமே ஆரம்பித்துவிட்டது. வீட்டில் நகை எப்போது திரும்பும் என்று யாரும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

நுகர்வோர் கமிஷனுக்குப் போகப் போகிறேன். தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று சிலர் பயமுறுத்தினார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே, தன் உழைப்பில் பிழைக்கிறவர் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து விவரம் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார்கள். அது எப்படிப் போகிறது என்று அப்புறம் எழுதுகிறேன்.

எதை எதைச் சோதிக்க வேண்டும் என்று முழுசாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை, விடிந்துவிட்டது, பையன் வந்துவிடுவான். அவசரமாக ஐந்து விஷயம் மட்டும். ஸ்பிண்டிலை ஒரு மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள், அப்புறம் பேரிங் பக்கம் காதை வையுங்கள். டயல் கேஜை டேப்பருக்குள் வையுங்கள், எதிரில் இருப்பவர் என்ன நினைத்தாலும் சரி. ஸ்டாப்பரைத் தள்ளிவிட்டு டேபிளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் உங்கள் கையாலேயே ஓட்டுங்கள், இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். டேபிள் மேல் வைஸோ வேறு எதுவோ இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். நேரமாகும் என்பார்கள், பரவாயில்லை, உட்கார்ந்திருங்கள். கழற்ற மாட்டேன் என்றால் டீயைக்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.